தமிழில் மருத்துவம் கற்பித்த டாக்டர் கிறீன்



செப்டம்பர் 17ஆம் நாள் உலக நோயாளர் பாதுகாப்பு நாள். உலக நலவாழ்வு நிறுவனம் 2019ஆம் ஆண்டு இந்த நாளை ஏற்படுத்தியது. மருத்துவமனை என்றாலே பாதுகாப்பான இடம்தானே, அதற்கென்று தனியாக ஒரு நாள் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் சிகிச்சை பெறுகிறவர்களில் ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்கு அந்தச் சிகிச்சையின்போதே ஏதேனும் ஒரு தீங்கு நேர்கிறது என்றும், பாதுகாப்பற்ற சிகிச்சையால் உலகில் ஆண்டுதோறும் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள் என்றும் அந்த நிறுவனமே கணக்குச் சொல்கிறது.

இவை யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடப்பவை அல்ல. மருந்து மாறிவிடுகிறது. அளவு கூடிவிடுகிறது. ஒருவருக்குப் போட வேண்டிய ஊசி பெயர்க் குழப்பத்தால் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்குப் போய்விடுகிறது. கை கழுவாமல் காயத்தைத் தொட்டுவிடுகிறார்கள். காரணங்கள் பல. ஆனால் திரும்பத் திரும்பத் தென்படும் காரணம் ஒன்று உண்டு. விவரம் அறிந்தவர் அதை, அறிய வேண்டியவருக்குப் புரியும்படி சொல்லவில்லை என்பதே அது.

நோயாளர் பாதுகாப்பு என்ற சொற்றொடர் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, மருத்துவ அறிவு நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும் என்று கண்டு, அதற்காகத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்த ஒருவரை இன்று நினைவுகூர்வோம். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன். யாழ்ப்பாணத் தமிழர் நடுவில் டாக்டர் கிறீன் என்றால் இன்றும் தெரியும். அவர் நம் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அமெரிக்க மிஷன் என்ற சீர்திருத்த சபைப் பணியாளர். ஆயினும் அவர் செய்தது தமிழ் பேசும் எல்லாருக்குமான தொண்டு.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கும் அந்த மிஷனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள்தாம் 1834ஆம் ஆண்டு கடல் கடந்து மதுரைக்கு வந்து ஒரு கிளையைத் தொடங்கினார்கள். அந்தக் கிளை பின்னாளில் நம் பக்கத்து மண்டபசாலையிலும் அருப்புக்கோட்டையிலும் பள்ளியும் பணியுமாகப் பரவியது. ஆகவே கிறீனின் கதை நமக்கு முற்றிலும் அந்நியமான கதை அல்ல.

யாழ்ப்பாணத்துக்கு வந்த இளைஞர்

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த பெரிய குடும்பம். சிறுவயதிலேயே தாயை இழந்தார். நியூயார்க்கில் மருத்துவம் படித்து 1845ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சொந்த நாட்டிலேயே மருத்துவமனை நடத்தி வசதியாக வாழ வழி இருந்தது. அதை விட்டு, மிஷன் பணிக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். 1847ஆம் ஆண்டு கப்பலேறி, சென்னை வழியாக யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 25.

அவருக்கு முன்பே அங்கு மருத்துவப் பணி தொடங்கியிருந்தது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் பாட்டனாரான ஜான் ஸ்கடர், பண்டத்தரிப்பு என்ற ஊரில் நெடுங்காலம் நோயாளரைக் கவனித்தவர். அவருக்குப் பின் நேதன் வார்டு என்ற மருத்துவர் பணியாற்றினார். அந்தத் தொடர்ச்சியில் கிறீன் முதலில் வட்டுக்கோட்டையில் தங்கினார். 1848ஆம் ஆண்டு மானிப்பாய்க்கு இடம் மாறினார். மானிப்பாய்தான் அவருடைய பெயரோடு என்றும் சேர்ந்துவிட்ட ஊர். அங்கு இன்றும் அவர் பெயரால் ஒரு மருத்துவமனை இருக்கிறது. யாழ்ப்பாண நகரில் 1850ஆம் ஆண்டு அரச அதிபர் பெர்சிவல் டைக் அவர்களின் முயற்சியால் எழுந்த மருத்துவமனையிலும் கிறீன் பணிசெய்தார். இன்றைய யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை அதன் வழி வந்ததே.

வந்த சில மாதங்களிலேயே அவருக்கு ஓர் உண்மை விளங்கியது. ஒரு மருத்துவர் எத்தனை பேரைப் பார்த்துவிட முடியும்? அவர் ஒருவர். நோயாளர்களோ ஊர் ஊராக இருக்கிறார்கள். அவர் மருந்து எழுதிக் கொடுத்தாலும், வீட்டுக்குப் போனபின் அதை அளந்து கொடுக்கிறவர் யார்? காயத்துக்குக் கட்டு மாற்றுகிறவர் யார்? நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால் யாரைக் கூப்பிடுவது? ஊரிலேயே பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தால் அன்றி இதற்கு வழி இல்லை. ஆகவே 1848ஆம் ஆண்டே சில இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். இலங்கையில் மேல்நாட்டு மருத்துவம் முறையாகக் கற்பிக்கப்பட்ட தொடக்கம் அதுவே எனலாம். கொழும்பில் அரசு மருத்துவப் பள்ளி வந்தது 1870ஆம் ஆண்டில்தான்.

ஆங்கிலத்தில் தொடங்கித் தமிழுக்கு வந்தவர்

முதலில் அவரும் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். அன்றைய வழக்கம் அது. வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் படித்த மாணவர்கள் கிடைத்தார்கள். புத்தகங்களும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆனால் இரண்டு இடைஞ்சல்களை அவர் கண்டார்.

முதலாவது, ஆங்கிலத்தில் படித்தவர்கள் ஊரில் தங்கவில்லை. அரசு உத்தியோகமும் நல்ல சம்பளமும் வெளியூரில் காத்திருந்தன. கிராமத்தில் நோயாளி இருந்தார். அவருக்காகப் பயிற்சி பெற்ற மருத்துவர் அங்கே இல்லை. நமக்கு இது புதிய செய்தியா? நம் வானம் பார்த்த பூமியிலிருந்து படித்துப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் திரும்பி வந்து வேலை பார்க்கிறார்கள்?

இரண்டாவது, இன்னும் ஆழமானது. ஆங்கிலத்தில் கற்றதை நோயாளியிடம் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கான சொற்கள் இல்லை. மருத்துவருக்குத் தெரிந்தது அவருடைய தலைக்குள்ளேயே நின்றுவிட்டது. பணிவிடை செய்கிறவருக்கும் வீட்டில் பார்த்துக்கொள்ளும் தாய்க்கும் அது இறங்கி வரவில்லை.

எனவே கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். தமிழரை ஆங்கிலத்துக்கு ஏற்றுவதைவிட, மருத்துவத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவதே சரி என்பது அந்த முடிவு. எளிதான முடிவு அல்ல. புத்தகம் இல்லை. கலைச்சொல் இல்லை. தமிழில் படித்தால் உத்தியோகம் கிடைக்காது என்ற அச்சம் பெற்றோருக்கு இருந்தது. 1855ஆம் ஆண்டு வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டபோது, தாய்மொழிக் கல்வியா ஆங்கிலக் கல்வியா என்ற விவாதம் யாழ்ப்பாணத்தில் சூடாக நடந்தது. அந்த விவாதத்தின் நடுவில் கிறீன் வாதத்தோடு நிற்காமல் வேலையில் இறங்கினார். 1860களில் அவருடைய மருத்துவ வகுப்பு முழுவதுமாகத் தமிழுக்கு மாறியது. மாணவர்கள் நாகரிகம் என்ற பெயரில் மேல்நாட்டாராக மாறிவிட வேண்டாம், தமிழராகவே தம் மக்கள் நடுவில் வாழட்டும் என்பதும் அவருடைய எண்ணமாக இருந்தது.

சொல்லைத் தேடிய ஆண்டுகள்

மொழிபெயர்ப்பு என்றால் அகராதியைப் பார்த்து எழுதிவிடும் வேலை என்று நாம் நினைத்துவிடக் கூடாது. மருத்துவத்தில் ஒரு சொல் பிசகினால் ஓர் உயிர் பிசகும். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். நம் ஊரில் இரத்தக் குழாயில் போடும் ஊசியை நரம்பு ஊசி என்கிறோம். கை கால் மரத்துப் போனாலும் நரம்புத் தளர்ச்சி என்கிறோம். தசையை எலும்போடு இணைக்கும் நாரையும் நரம்பு என்றே சொல்கிறோம். பேச்சுக்கு இது போதும். ஆனால் கத்தியைக் கையில் எடுக்கிறவருக்கு இது போதுமா? இதயத்திலிருந்து இரத்தம் கொண்டு போகும் குழாய் வேறு, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வரும் குழாய் வேறு, உணர்வைக் கடத்தும் நரம்பு வேறு, நார் வேறு. முதல் குழாய் வெட்டுப்பட்டால் சில நிமிடத்தில் உயிர் போகும். நரம்பு வெட்டுப்பட்டால் கை செயலற்றுப் போகும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருந்தால்தான் ஆசிரியர் சொல்வதை மாணவர் மயக்கமின்றிப் பிடித்துக்கொள்ள முடியும்.

மருந்தின் அளவும் அப்படித்தான். அந்நாளில் வலிக்கும் பேதிக்கும் அபின் கலந்த மருந்துகள் சாதாரணமாகக் கொடுக்கப்பட்டன. சில துளிகள் வலியைத் தணிக்கும்; அதற்கு மேல் போனால் மூச்சே நின்றுவிடும். குழந்தைக்கு எத்தனை துளி, பெரியவருக்கு எத்தனை துளி என்பதைத் தெளிவான தமிழில் எழுதி வைக்காவிட்டால் மருந்தே எமனாகிவிடும்.

கிறீன் தம் மாணவர்களையும் தமிழறிந்தவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தார். தமிழில் ஏற்கெனவே வழங்கும் சொல் இருந்தால் அதை எடுத்துக்கொண்டார். இல்லையென்றால் அன்று வழக்கில் இருந்த வடமொழிச் சொல்லை நாடினார். அதுவும் இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதினார். ஒரு புத்தகத்தில் ஒரு சொல், மற்றொன்றில் வேறு சொல் என்று குழப்பம் வராதபடி கலைச்சொல் பட்டியல்களையும் தொகுத்தார்.

முதலில் உடலமைப்பும் உடல்நலமும் பற்றிய கட்டர் என்பவரின் நூலை 1850களில் தமிழாக்கினார். அடுத்து மகப்பேறு பற்றிய பிரசவ வைத்தியம். பின்பு அறுவை மருத்துவத்துக்கு இரண வைத்தியம். உலகப் புகழ்பெற்ற கிரேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858ஆம் ஆண்டு; அதைத் தழுவிய தமிழ் நூல், மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில் 1872ஆம் ஆண்டே வந்துவிட்டது. பொது மருத்துவத்துக்கு வைத்தியாகரம், வேதியியலுக்குக் கெமிஸ்தம், உடலியக்கத்துக்கு மனுஷ சுகரணம் எனத் தொடர்ந்து நூல்கள் வந்தன. எல்லாம் சேர்ந்து 4,000 பக்கங்களுக்கும் மேல். இத்தனையும் நோயாளரைப் பார்த்துக்கொண்டே செய்த வேலை.

அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர்கள் 60 பேருக்கும் மேல். அவர்களில் பலர் தமிழிலேயே கற்றவர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஊர்களில் அவர்கள் பணியாற்றினார்கள். 1866, 67ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தில் காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் மடிந்தார்கள். அத்தகைய நேரத்தில் ஊருக்குள் இருந்துகொண்டு, ஊர் மொழியில் பேசி, குடிநீரையும் துப்புரவையும் பற்றி எடுத்துச் சொல்ல ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு! மருந்து தோற்றுப்போகும் இடத்திலும் புரிந்த சொல் ஓரளவு காப்பாற்றும். கொரோனா காலத்தில் நாமும் இதைக் கண்டோம்.

இறுதி ஆண்டுகள்

கிறீன் 1850களின் இறுதியில் ஒருமுறை தாய்நாடு சென்றார். 1862ஆம் ஆண்டு மார்கரெட் வில்லியம்ஸ் என்பவரை மணந்து, அவரோடு மீண்டும் மானிப்பாய்க்கு வந்தார். உடல்நலம் குன்றியதால் 1873ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதோடு ஓய்ந்துவிடவில்லை. வூஸ்டரில் தம் வீட்டில் இருந்துகொண்டே தமிழ் மருத்துவ நூல்களின் வேலையைத் தொடர்ந்தார். கடல் கடந்த ஒரு குளிர்நாட்டு வீட்டில், தம்மைச் சுற்றி எவரும் பேசாத ஒரு மொழியில், தாம் இனி ஒருபோதும் பார்க்கப் போகாத நோயாளர்களுக்காக ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பதை நாம் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். தமிழருக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்று பொருள்படும் வாசகம், அவருடைய விருப்பத்தின்படியே அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது.

அவரிடம் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. நம் நாட்டு வைத்திய முறைகளை அவர் கண்ட பார்வை மிகவும் கடுமையானது. அவருடைய தமிழில் வடமொழி மிகுதி. இன்றைய வாசகர் அந்த நூல்களை எளிதில் படிக்க இயலாது. அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுநாள் நிலைக்கவும் இல்லை. ஆங்கிலமே வென்றது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. மருத்துவர் அறிந்தது நோயாளியிடம் போய்ச் சேருகிறதா?

நம் வறண்ட பூமியில்

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளர் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது நாம் வழக்கமாகப் பார்ப்பது ஒன்று உண்டு. கட்டில் தலைமாட்டில், ஆணியில் தொங்கும் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் பத்துப் பதினைந்து மாத்திரை அட்டைகள். சில அட்டைகள் பாதி கத்தரிக்கப்பட்டவை. பெயர் இருந்த பகுதி போய்விட்டது. சீட்டு ஆங்கிலத்தில் இருக்கிறது. வெள்ளை மாத்திரை சுகருக்கு, சிவப்பு மாத்திரை பிரஷருக்கு என்று நிறத்தை வைத்தே அந்தத் தாய் நினைவில் வைத்திருக்கிறார். அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்தால் நிறம் மாறிவிடும். அப்போது அவர் என்ன செய்வார்? இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார். அல்லது இரண்டையும் விட்டுவிடுவார்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்படும் மீதோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டும். அதைத் தினமும் சாப்பிட்டு வாய் முழுவதும் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. மருந்து நல்ல மருந்து. மருத்துவரும் சரியாகத்தான் எழுதினார். வாரம் ஒருமுறை என்ற செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை.

நம் பகுதி நோயாளி ஒரே இடத்தில் சிகிச்சை முடிப்பதும் இல்லை. திருச்சுழியில் முதலுதவி, அங்கிருந்து அருப்புக்கோட்டை, அங்கும் முடியாவிட்டால் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மதுரை பெரியாஸ்பத்திரி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதாவது ஒரு செய்தி உதிர்ந்துவிடுகிறது. முதல் இடத்தில் என்ன ஊசி போட்டார்கள்? பாம்பு கடித்தது எத்தனை மணிக்கு? எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? கூட வந்தவர் பதற்றத்தில் இருக்கிறார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறார்.

பெயரும் ஒரு சிக்கல். குலதெய்வத்தின் பெயரையே பிள்ளைகளுக்கு வைக்கும் ஊர் இது. ஒரே வார்டில் மூன்று கருப்பசாமியும் இரண்டு மாரியம்மாளும் இருக்கலாம். பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிட்டால் யார் எழுந்து வருவார் என்பது தெரியாது. அதனால்தான் பெயரோடு வேறோர் அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விதி வகுத்திருக்கிறார்கள்.

சாத்தூர் தரும் பாடம்

நம் விருதுநகர் மாவட்டத்தில் நடந்த ஒரு துயரத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில், சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தச் சோகைக்காக இரத்தம் ஏற்றினார்கள். அந்த இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதில் எச்.ஐ.வி. கிருமி இருந்தது. இரத்தம் கொடுத்த இளைஞர் 2016ஆம் ஆண்டும் ஒருமுறை இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே பரிசோதனையில் கிருமி தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் செய்தி அவரிடம் போய்ச் சேரவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்தே அவர் மறுபடியும் இரத்தம் கொடுத்தார். பின்பு வெளிநாடு செல்வதற்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் உண்மை தெரிந்ததும், அவரே ஓடிவந்து இரத்த வங்கிக்குத் தெரிவித்தார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வேதனையில் அவருடைய உயிரும் போனது.

பரிசோதனையில் ஏற்பட்ட தவறு, கண்காணிப்பில் ஏற்பட்ட தவறு என்று பலவும் அதில் உண்டு. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அந்த இளைஞரை அழைத்து உட்காரவைத்து, அவருக்குப் புரியும்படி அந்த ஒரு செய்தியைச் சொல்லியிருந்தால்? சிகிச்சைக்கான வழியும் அவருக்குக் கிடைத்திருக்கும். ஒரு தாயும் தப்பியிருப்பார். தெரிந்த உண்மை ஒரு பதிவேட்டுக்குள் முடங்கிக் கிடந்தது. இரண்டு குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன.

இதற்கு மாறான காட்சியும் உண்டு. 2008ஆம் ஆண்டு உலக நலவாழ்வு நிறுவனம் அறுவைச் சிகிச்சைக்கு 19 கேள்விகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கொண்டுவந்தது. இவர் யார், எந்த இடத்தில் அறுவை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, துணிகளும் கருவிகளும் எண்ணியாயிற்றா என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பதே அதன் சாரம். புதுடில்லி உட்பட 8 நகரங்களில் சோதித்தபோது, அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய இறப்பு 100க்கு 1.5 என்ற அளவிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. புதிய மருந்து இல்லை. புதிய இயந்திரம் இல்லை. தெரிந்ததை ஒருவருக்கொருவர் உரக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்!

நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சென்றவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்களே. அவர்கள் உறவுமுறை சொல்லிப் பேசுகிறார்கள். சாப்பிட்டீர்களா என்று கேட்டு மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார்கள். மானிப்பாயில் கிறீன் விரும்பியதும் ஊரிலேயே இருக்கும், ஊர் மொழி பேசும் இத்தகைய ஆட்களைத்தான்.

நாம் என்ன செய்யலாம்?

மருத்துவர்களைக் குறைசொல்வது நம் நோக்கம் அல்ல. ஒரு காலை நேரத்தில் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் அரசு மருத்துவரின் சுமை நமக்குத் தெரியும். செவிலியர்களின் களைப்பும் தெரியும். ஆனால் நோயாளியும் குடும்பமும் வாய்மூடி நிற்பதே மரியாதை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. டாக்டரய்யாவிடம் கேள்வி கேட்கலாமா என்று தயங்குகிறோம். கேட்பது அவமரியாதை அல்ல. அது அவருக்கும் உதவி.

ஆகவே சில எளிய பழக்கங்களைக் கடைப்பிடிப்போம்.

1. மருத்துவமனைக்குச் செல்லும்போது எல்லாச் சீட்டுகளையும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்வோம். நாட்டு மருந்து சாப்பிட்டால் அதையும் மறைக்காமல் சொல்வோம்.

2. மாத்திரை வாங்கும் இடத்தில் நான்கு கேள்விகள் கேட்போம். இது எதற்கு? எத்தனை? எப்போது, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா? எத்தனை நாளைக்கு? பதிலைக் கேட்டபின், நாம் புரிந்துகொண்டதை அவர்களிடமே திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்போம்.

3. ஊசி போடும் முன்பும் இரத்தம் ஏற்றும் முன்பும் நம் முழுப் பெயரையும், தந்தை அல்லது கணவர் பெயரையும், வயதையும் நாமே சொல்வோம்.

4. முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்வோம். அதன் பெயரை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வோம்.

5. அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடும் முன்பு, அதில் உள்ளதைத் தமிழில் விளக்கும்படி பணிவோடு கேட்போம். கைநாட்டு வைப்பவருக்கும் அந்த உரிமை உண்டு.

6. பார்க்கச் செல்லும்போது கூட்டமாகப் போகாமல், கை கழுவிவிட்டு நோயாளியைத் தொடுவோம். தண்ணீர் அருமையான நம் ஊரிலும் இதற்குச் சிக்கனம் வேண்டாம்.

நம் பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் நோயாளரைச் சந்திக்கிறார்கள். நர்சிங் படித்த பிள்ளைகளும் பல வீடுகளில் இருக்கிறார்கள். செபித்து, ஆறுதல் சொல்லிவிட்டு வருவதோடு, அந்த ஆணியில் தொங்கும் பையையும் ஒருமுறை இறக்கிப் பார்க்கலாமே! மருந்தை மாற்றவோ நிறுத்தவோ நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சீட்டில் உள்ளபடி ஒவ்வோர் அட்டையிலும் காலை, மதியம், இரவு என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சூரியனும் நிலாவும் வரைந்து காட்டலாம். சந்தேகம் இருந்தால் அந்தப் பெரியவரோடு கூடப் போய் மருத்துவரிடமோ கிராமச் செவிலியரிடமோ கேட்கலாம்.

கிறீன் 4,000 பக்கங்கள் எழுதினார். நம்மிடம் கேட்கப்படுவது ஓர் அட்டையின்மேல் ஒரு வரி. வரும் முதல் வெள்ளிக்குள் நம் தெருவில் தனியாக இருக்கும் ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போய், அவருடைய மாத்திரைகளை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லிவிட்டு வருவோம்.